சாட்சி யார்? வேலையிடக் காதல் நாவலில் நம்பிக்கையும் ஐயமும்



காதல் நாவலைப் பற்றிக் கேள்வி வந்தால் பெரும்பாலான விடைத்தாள்களில் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "காதலில் நம்பிக்கை வேண்டும், சந்தேகம் கூடாது என்பதே இந்நாவல் தரும் படிப்பினை." இது தவறான வாக்கியம் இல்லை. ஆனால் இதை எழுத நாவலைப் படிக்கவே வேண்டாமே! பின்னட்டையைப் பார்த்தாலே போதும். திருத்துபவருக்கும் அது தெரியும்.

சந்தேகம் எங்கே முளைத்தது, யார் தண்ணீர் ஊற்றினார்கள், எந்தப் பொருள் சாட்சியானது, யார் பேசாமல் இருந்தார்கள், கடைசியில் யார் விலை கொடுத்தார்கள் என்று பார்த்து எழுதினால்தான் அது திறனாய்வு. குறிப்பாக, காதலர்கள் ஒரே இடத்தில் வேலை செய்யும் கதைகளில் இந்தக் கேள்விகளுக்கு நல்ல தீனி கிடைக்கும். அதற்கான ஒரு படிப்பு முறையை இங்கே தருகிறேன். உங்கள் பாடநூல் எதுவாக இருந்தாலும் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

1. ஏன் வேலையிடம்?

கேமரன் மலையில் படிக்கும் மாணவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரிங்லெட், ஹாபு, சுங்கை பாலாஸ் பக்கம் போனால் தேயிலைச் சரிவு முழுக்க ஒரே பார்வையில் விழும். எதிர் மேட்டில் நின்றால் யார் எந்த வரிசையில் நிற்கிறார், யார் யாரோடு பேசுகிறார், யார் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், எல்லாமே தெரியும். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபோதும், 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தொடங்கியபோதும் இந்த நிலவியல் இப்படித்தான். இன்று கூடைக்குப் பதில் இயந்திரமும் கத்தரியும் வந்துவிட்டன. வேலையாட்களிலும் பலர் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் மலைச்சரிவில் மறைவிடம் குறைவு என்பது மட்டும் மாறவில்லை.

வேலையிடக் காதலுக்கும் மற்ற காதலுக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு.

முதலாவது, தினமும் பார்த்தாக வேண்டும். சண்டை போட்டாலும் நாளைக் காலையில் அதே பெரட்டில் நிற்க வேண்டும். கோபத்தை ஆறவிட இடைவெளி கிடையாது.

இரண்டாவது, பதவியும் கூலியும் நடுவில் நிற்கும். ஒருவர் கணக்கு எழுதுபவர், இன்னொருவர் கூலி வாங்குபவர் என்றால், அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அர்த்தம் வந்துவிடும்.

மூன்றாவது, பார்க்கும் கண்கள் அதிகம். காதலர்கள் இரண்டு பேர்தான். ஆனால் அவர்களைப் பற்றிப் பேச இருபது பேர் இருப்பார்கள்.

மாணவர்களே, இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். "இடப்பின்னணி" என்று கேள்வி வந்தால் மலை, பனி, பசுமை என்று வருணித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த இடம் கதைமாந்தரின் மனத்தில் என்ன செய்கிறது என்பதையும் எழுதுங்கள்.

2. இது நமக்குப் புதிதா?

இல்லை. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையே ஒரு வகையில் வேலையிடக் காதல்தான். தலைவி சும்மா உலாவப் போகவில்லை. தினைப்புனம் காக்கப் போகிறாள். கிளியை விரட்டுவது அவளுக்கு வீட்டார் கொடுத்த வேலை. தலைவன் அங்கே வருகிறான். தினை விளையும் வரை சந்திப்பு உண்டு. அறுவடை முடிந்ததும் அவள் வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். வேலை இருக்கும் வரைதான் காதலுக்கும் வெளி.

இந்தக் களவுக் காதலில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. சாட்சி இல்லை! குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் இதைத்தான் தலைவியின் வாயில் வைக்கிறார். தலைவன் தன்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாருமே இல்லை. அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அவள் கலங்குகிறாள். அன்று அங்கே இருந்தது ஒரு நாரை மட்டும். அதுவும் தினைத்தாள் போன்ற காலோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே சாட்சியும் தன் பசியைக் கவனித்துக்கொண்டிருந்தது! ஐயத்தின் வலியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

இதே கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மறுபக்கத்தைக் காட்டுகிறார். அங்கே தலைவன் மலைக்கடவுளைத் தொழுது, சூள் உரைத்து, அருவி நீரைக் குடிக்கிறான். அதைக் கண்டு தலைவியின் நெஞ்சு ஆறுதல் அடைகிறது. சாட்சி இல்லாத இடத்தில் சத்தியம் சாட்சியாகிறது.

சத்தியமும் பொய்த்தால்? அகநானூற்றின் 256ஆம் பாடல் கள்ளூர் என்ற ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறது. ஒரு பெண்ணின் அழகை நுகர்ந்த ஒருவன், அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச்சூள் உரைக்கிறான். ஊர் அவையினர் சாட்சிகளை விசாரித்து உண்மையை அறிகிறார்கள். அவனை மரக்கிளையில் கட்டி, தலையில் சுண்ணாம்பு நீற்றைப் பெய்கிறார்கள். தொல்காப்பியரும் கற்பியலில், பொய்யும் தவறும் தோன்றிய பிறகுதான் பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்கிறார். ஊரறியச் செய்யும் திருமணம் என்பதே ஒரு சாட்சி ஏற்பாடு. அதுவும் யாரைக் காப்பதற்கு? ஏமாற்றப்படக்கூடிய பெண்ணை.

இந்த இடத்தைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் மரபில் பெண் ஆணிடம் சாட்சி கேட்டிருக்கிறாள். ஊரும் அவளுக்காகச் சாட்சி தேடியிருக்கிறது. பிற்காலக் கதைகளில் இது எப்படித் தலைகீழானது என்று பிறகு பார்ப்போம்.

3. சொற்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

விடைத்தாளில் "சந்தேகம்" என்ற ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடுவது ஒரு பலவீனம். தமிழில் இதற்கு நுட்பமான சொற்கள் இருக்கின்றன.

ஐயம்: இதுவா அதுவா என்று முடிவு செய்ய முடியாத நிலை. அகப்பொருள் இலக்கணத்தில் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல் என்று ஒரு வரிசை உண்டு. இவள் தெய்வமகளா மானிடப் பெண்ணா என்று தலைவன் ஐயுறுவான். பிறகு கண் இமைப்பது, மாலை வாடுவது போன்ற அடையாளங்களைக் கண்டு தெளிவான். ஆக, ஐயம் குற்றமில்லை. தெளிவுக்குப் போகும் படி அது.

ஊடல்: அன்புக்குள் எழும் பொய்க்கோபம். திருக்குறளில் புலவி நுணுக்கம் என்ற 132ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கணவன் தும்மினான். மனைவி வாழ்த்தினாள். உடனே, "யார் நினைத்ததால் தும்மினீர்?" என்று அழுதாள். சரி, அடுத்த தும்மலை அவன் அடக்கினான். "உமக்கு வேண்டியவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரா?" என்று அதற்கும் அழுதாள். தும்மினாலும் தப்பு, தும்மாவிட்டாலும் தப்பு! சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. மனம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டால் எந்த ஆதாரமும் அந்த முடிவுக்கே பொருந்தும். இருவரும் சமமாக, அன்போடு இருக்கும்போது இது ஊடல். ஒருவர் கையில் மட்டும் அதிகாரம் இருந்தால் இதே தர்க்கம் கொடுமை.

அலர்: ஊர்ப்பேச்சு. திருக்குறளில் அலரறிவுறுத்தல் என்று 115ஆம் அதிகாரமே இருக்கிறது. அங்கே அலர் காதலை வளர்க்கும் எருவாகவும் ஆகிறது. நாவலில் அலர் வந்தால் அது காதலைச் சேர்க்கிறதா பிரிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அவதூறு: அலர் தானாகப் பரவுவது. அவதூறு ஒருவர் திட்டமிட்டுப் பரப்புவது. அலருக்குப் பின்னால் ஊர் இருக்கும், அவதூறுக்குப் பின்னால் லாபம் அடையும் ஓர் ஆள் இருப்பார்.

தெளிவு: ஆராய்ந்த பிறகு வரும் நம்பிக்கை. தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் (510) இதைத் தராசில் வைத்ததுபோல் சொல்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவரைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும். கவனியுங்கள்: வள்ளுவர் "சந்தேகப்படாதே" என்று சொல்லவில்லை. சந்தேகத்துக்கு ஒரு நேரம் உண்டு, அது நம்புவதற்கு முன் என்கிறார். இந்தக் குறள் பொருட்பாலில், அரசன் வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதைப் பற்றிய அதிகாரத்தில் இருக்கிறது. வேலையிடக் காதலுக்கு இதைவிடப் பொருத்தமான மேற்கோள் கிடைப்பது அரிது.

4. ஐயக் கதைப்பின்னலின் ஐந்து படிகள்

உலகெங்கும் ஐயத்தை மையமாகக் கொண்ட கதைகள் ஏறக்குறைய ஒரே படிகளில் ஏறுகின்றன. இரண்டு படைப்புகளை வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, கொத்தமங்கலம் சுப்பு "கலைமணி" என்ற பெயரில் 1957-58இல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய "தில்லானா மோகனாம்பாள்". 1968இல் ஏ. பி. நாகராஜன் இதைப் படமாக்கினார். நாதசுரக் கலைஞன் சிக்கல் சண்முகசுந்தரம், நாட்டியக் கலைஞர் மோகனாம்பாள் இருவருக்கும் ஒரே மேடை, ஒரே தொழில். தமிழில் வேலையிடக் காதலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, ஷேக்ஸ்பியரின் "ஒதெல்லோ". அது படைப்பிரிவு என்ற வேலையிடத்தில் நடக்கும் கதை.

முதல் படி, வேலை மனக்குறை. ஒதெல்லோவில் இயாகோவின் கோபம் காதலில் தொடங்கவில்லை. தனக்குக் கிடைக்க வேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டது என்பதில்தான் தொடங்குகிறது. மோகனாம்பாளிலும் அப்படியே. உன் கலை பெரியதா, என் கலை பெரியதா என்ற தொழில் போட்டிதான் முதலில். வேலையிடக் கதையில் சந்தேகத்தின் வேர் பெரும்பாலும் வேலையில் இருக்கும். மாணவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டாம் படி, இடையில் ஒருவர். சவடால் வைத்தியை யார் மறப்பார்? மோகனாவைப் பணக்காரர்களிடம் சேர்த்துவிட்டுப் பலன் அடைய அலைகிறான். இந்தப் பாத்திரம் வந்தவுடன், "இவருக்கு என்ன லாபம்?" என்ற கேள்வியை ஓரத்தில் எழுதுங்கள். பணமா, பதவியா, பொறாமையா?

மூன்றாம் படி, சாட்சிப் பொருள். ஒதெல்லோவில் ஒரு கைக்குட்டை. மோகனாம்பாள் படத்தில் ஒரு சூழ்நிலை: மதன்பூர் மகாராஜாவின் அரண்மனையில் மோகனா சூழ்ச்சியில் சிக்குகிறாள். கைக்குட்டை பொய் சொல்லவில்லை. அரண்மனைக் கதவும் பொய் சொல்லவில்லை. பொருள் உண்மை, அதற்குக் கொடுத்த விளக்கம்தான் பொய். இன்றைய பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னால், வாட்சாப்பில் நீலக்குறி விழுந்தும் பதில் வராதது இன்றைய கைக்குட்டை.

நான்காம் படி, மௌனம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஏன் கேட்கவில்லை? "எழுத்தாளர் கதையை நீட்ட வேண்டுமே" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நல்ல நாவலில் மௌனத்துக்குக் காரணம் இருக்கும். தன்மானம், பதவி வேறுபாடு, வேலை போய்விடும் என்ற பயம், கேட்டால் பதில் உண்மையாகிவிடுமோ என்ற நடுக்கம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினால் பாத்திரப்படைப்புக்கான குறிப்பு கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி, தெளிவும் விலையும். மோகனா குற்றமற்றவள் என்று சண்முகசுந்தரம் அறிவது அவள் உயிரை விடத் துணிந்த பிறகு. ஒதெல்லோ அறிவது மனைவியைக் கொன்ற பிறகு. ஒன்று திருமணத்தில் முடிகிறது, மற்றது மரணத்தில். இரண்டிலும் தெளிவு வந்துவிட்டது. ஆனால் விலையைக் கொடுத்தது யார்?

5. விலை கொடுப்பவர் யார்?

இங்கேதான் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

மோகனாம்பாளைச் சண்முகசுந்தரம் ஏன் அவ்வளவு சீக்கிரம் தவறாக எண்ணினான்? அவன் முன்கோபி, சரி. ஆனால் அது மட்டும் காரணமில்லை. நாட்டியமாடும் பெண்களைப் பற்றிச் சமுதாயம் ஏற்கெனவே ஒரு முடிவு வைத்திருந்தது. தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து இந்தத் தொடர் வருகிறது. சட்டம் மாறியது, பார்வை மாறவில்லை. ஆகவே வைத்தி பெரிதாக எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. ஊர் தயாராக வைத்திருந்த சந்தேகத்தில் ஒரு தீக்குச்சி வைத்தால் போதும். "சமுதாயப் பின்னணி" என்ற கேள்விக்கு இதுதான் விடை.

சங்கப் பாடலில் தலைவி சாட்சி இல்லையே என்று கலங்கினாள். ஊர் அவை பொய் சொன்ன ஆணை விசாரித்தது. இங்கே தலைகீழ். வலிமை குறைந்தவளிடம்தான் நிரூபி என்கிறார்கள். நிரூபிக்க அவளிடம் இருப்பது உயிர் ஒன்றுதான்.

இனித் தேயிலைத் தோட்டத்துக்கு வருவோம். இங்கே நம்பிக்கை என்ற சொல்லுக்குக் கசப்பான வரலாறு உண்டு. கங்காணி முறையில் ஆள் சேர்க்க வந்தவர் அந்நியர் அல்லர். சொந்த ஊர்க்காரர், பல நேரம் உறவுக்காரர். அவரை நம்பித்தான் குடும்பங்கள் கப்பலேறின. ஓர் ஆள் வேலைக்கு வந்தால் இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய "துண்டு" என்ற சீட்டு இருந்தது. அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்கு உதவிப்பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்தியா 1938இல் நிறுத்தியது.

பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை செய்தவர். அவர் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை இரா. முருகவேள் "எரியும் பனிக்காடு" என்று தமிழாக்கினார். கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறுகிறார்கள். முன்பணம் தீராத கடனாகிறது. பெண்கள் மீது அதிகாரிகளின் அத்துமீறல், கொள்ளை நோய், அடி. இது வேலையிடக் காதல் நாவல் அன்று, ஆனால் நம் தலைப்புக்கு மிகவும் வேண்டியது. ஏனென்றால் இங்கே சந்தேகப்பட வேண்டிய இடம் கணவனோ மனைவியோ அல்ல. மேஸ்திரியின் சொல்லையும் கணக்குப் புத்தகத்தையும்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய "துன்பக்கேணி"யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதையையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நாவலில் யார் யாரிடம் சாட்சி கேட்கிறார்கள் என்று பாருங்கள். வலிமை குறைந்தவர் வலியவரிடம் கேட்டால் அது தற்காப்பு. வலியவர் எளியவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் அது ஆதிக்கம். இரண்டையும் "சந்தேகம்" என்ற ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

6. வகுப்பறைப் பயிற்சி: எடை கூடிய வாரம்

ஆசிரியர்களே, இந்தக் கற்பனைச் சூழலை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். ஒரு பாடவேளைக்குப் போதும்.

ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தை நிறுத்து எடை குறிக்கும் இளைஞன் ஒருவன். கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி. இருவருக்கும் விருப்பம் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எடைக்கேற்பத்தான் கூலி. ஒரு வாரம் அவள் எடை மற்றவர்களைவிடக் கூடுதலாக விழுகிறது. உண்மையில் அவள் வேலை செய்த சரிவில் மழை அதிகம். ஈரக் கொழுந்து கனக்கும். ஆனால் பசியாறும் நேரத்தில் பேச்சு கிளம்புகிறது: "அவனுக்கு அவ மேல ஒரு கண்ணு. அதான் பென்சில் தாராளமா ஓடுது." பேச்சு மண்டோர் காதுக்குப் போகிறது. இளைஞன் பயந்துபோய், தான் நேர்மையானவன் என்று காட்ட, மறுவாரம் அவள் எடையில் கொஞ்சம் குறைத்து எழுதுகிறான்.

இப்போது மாணவர்களிடம் கேளுங்கள்.

இதுவரை நேர்மையாக இருந்தவன் எந்த நொடியில் நேர்மை தவறினான்? சந்தேகம் வந்ததற்கு முன்னா, பின்னா?

தன் எடை குறைந்திருப்பதை அவள் கவனிக்கிறாள். அவள் அவனைச் சந்தேகிப்பது சரியா?

அவன் காரணத்தைச் சொல்லவில்லை. ஏன்?

இந்தக் கதைக்கு முடிவு எழுதுங்கள்.

பெரும்பாலும் இரண்டு வகை முடிவுகளை எதிர்பார்க்கலாம். அவன் மன்னிப்புக் கேட்க, அவள் அழ, இருவரும் சேர்வது ஒன்று. இன்னொன்று, தராசின் முள் எல்லாருக்கும் தெரியும்படி திருப்பி வைக்கப்படுவது. ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, எடையை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பது.

முதல் முடிவு காதலைச் சரிசெய்கிறது. இரண்டாவது, வேலையிடத்தைச் சரிசெய்கிறது. முதல் முடிவோடு நிறுத்தினால் அடுத்த மழைக்கு இதே பேச்சு மறுபடியும் வரும். அன்பை யாரும் தராசில் நிறுத்த முடியாது, நிறுக்கவும் கூடாது. கூலியைக் கட்டாயம் நிறுக்க வேண்டும், பத்துப் பேர் பார்க்க நிறுக்க வேண்டும். வேலையிடக் காதல் கதைகளில் பாதிச் சிக்கல், கூலிக்கு வேண்டிய சாட்சியைக் காதலிடம் கேட்பதாலும், காதலுக்குக் காட்ட வேண்டிய நம்பிக்கையை முதலாளியிடம் காட்டுவதாலும் வருகிறது. மாணவர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்தால் பாடம் வெற்றி.

7. தேர்வில் எழுதுவது எப்படி?

மாதிரிக் கேள்வி: நீங்கள் படித்த ஒரு நாவலில் ஐயம் கதைப்பின்னலை எவ்வாறு நகர்த்துகிறது என்பதை விளக்குக.

வலுவற்ற விடை: "தில்லானா மோகனாம்பாள் நாவலில் சண்முகசுந்தரம் மோகனாவைச் சந்தேகப்படுகிறான். இதனால் அவள் மிகவும் வேதனைப்படுகிறாள். பிறகு உண்மை தெரிந்து இருவரும் சேர்கிறார்கள். எனவே காதலில் சந்தேகம் கூடாது."

இது கதைச்சுருக்கம் மட்டுமே.

வலுவான விடை: "இக்கதையில் ஐயம் காதலிலிருந்து பிறக்கவில்லை. தொழில் போட்டியிலிருந்து பிறக்கிறது. யார் கலை உயர்ந்தது என்ற போட்டியால் உண்டான தன்மானம், நேரடியாகக் கேட்டுத் தெளிய விடாமல் சண்முகசுந்தரத்தைத் தடுக்கிறது. அந்த இடைவெளியில் வைத்தி நுழைகிறான். நாட்டியப் பெண்களைப் பற்றிச் சமுதாயம் கொண்டிருந்த பார்வை அவனது வேலையை எளிதாக்குகிறது. தெளிந்த ஒருவரை மீண்டும் ஐயுறுவது தீராத துன்பம் தரும் என்ற வள்ளுவர் கருத்துக்கு ஏற்ப, குற்றமற்ற மோகனாவே உயிரைப் பணயம் வைக்க நேர்கிறது."

வேறுபாடு தெரிகிறதா? இரண்டாவது விடையில் காரணம், வாய்ப்பு, பின்னணி, மேற்கோள் கருத்து, விளைவு என்று ஐந்தும் ஒன்றோடொன்று கோத்து வருகின்றன. சொற்கள் ஆடம்பரமாக இல்லை. ஆனால் வாக்கியங்கள் வெறுமனே ஒட்டி நிற்காமல் உண்மையான காரணத்தைத் தாங்கி நிற்கின்றன.

தேர்வுக்கு முன் உங்கள் நாவலுக்கு இந்த ஆறு கேள்விகளுக்கும் ஒரு வரியில் பதில் எழுதி வையுங்கள்.

1. ஐயத்தின் வேர் வேலையிலா, காதலிலா, குடும்பத்திலா?
2. ஐயத்தை வளர்ப்பவர் யார்? அவருக்கு என்ன லாபம்?
3. சாட்சியாக வரும் பொருள் அல்லது நிகழ்ச்சி எது?
4. யார் மௌனமாக இருக்கிறார்? காரணம் என்ன?
5. யார் யாரிடம் நிரூபிக்கச் சொல்கிறார்?
6. தெளிவு வந்தபோது யார் விலை கொடுத்திருந்தார்?

ஒரு சிறு எச்சரிக்கை. திரைப்படமாக வந்த நாவலை எழுதும்போது படத்தில் மட்டும் வரும் காட்சியை நாவலின் காட்சியாக எழுதிவிடாதீர்கள். பாடநூலைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

8. ஆசிரியர்களுக்கு

இந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பில் சில குரல்கள் கட்டாயம் எழும். "அவ ஏன் சார் அங்க போனா?" என்று ஒரு மாணவன் கேட்பான். அதட்டி உட்கார வைத்துவிட்டால் அந்தக் கேள்வி அவன் மனத்திலேயே தங்கிவிடும். பலகையில் எழுதுங்கள். பக்கத்தில், "அவளை அங்கே வரவழைத்தது யார்?" என்று இன்னொரு கேள்வியை எழுதுங்கள். இரண்டில் எதற்கு நாவல் விடை சொல்கிறது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வேலையிடக் காதலும் வேலையிடத் துன்புறுத்தலும் ஒன்றல்ல என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "மறுத்தால் என் வேலை என்னாகும்?" என்று ஒருவர் நினைக்க வேண்டிய நிலை இருந்தால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது காதல் கணக்கில் வராது. நம் நாட்டில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2022 (சட்டம் 840) இருக்கிறது என்பதை ஐந்தாம் படிவ மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. இன்னும் ஓராண்டில் அவர்களில் பலர் ஏதோ ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ வேலைக்குப் போகப் போகிறார்கள்.

அதேபோல, "நீ என்னை உண்மையாகக் காதலிச்சா உன் போன் பாஸ்வர்ட் கொடு" என்ற பேச்சு இன்று படிவம் மூன்றிலேயே தொடங்கிவிடுகிறது. பாஸ்வர்ட் கொடுத்தால் அடுத்ததாக இருப்பிடம் கேட்கும். தும்மினாலும் அழுகை, தும்மாவிட்டாலும் அழுகை என்று வள்ளுவர் காட்டிய கதைதான். வேறுபாடு என்னவென்றால், அங்கே முடிவில் இருவரும் சிரிப்பார்கள்.

மாணவர்களே, அடுத்த முறை நாவலைத் திறக்கும்போது "சந்தேகம் கூடாது" என்ற வாக்கியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "இங்கே சாட்சி கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?" என்ற கேள்வியோடு படியுங்கள். விடைத்தாளில் புள்ளி கூடும். வேலைக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி உங்களுக்கு உதவும். தேர்வுக்கு வாழ்த்துகள்.